கட்டில் பக்கம் திறந்திருந்த தட்டி

எங்கள் வீட்டு பீரோவுக்கு மேலே மடித்து வைத்திருக்கும் அட்டையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இது இன்னாங்க, எலெக்ஷன் போர்டா?" ராபர்ட்சன்பேட்டையில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள் வீட்டில் வேறு என்ன இருக்கும் என்ற நினைப்பு. முன்பெல்லாம் உட்கார வைத்து விளக்குவேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. "ஆமா, அடுத்த எலெக்ஷன்ல நான் நிக்கிறேன், மறக்காம ஓட்டுப் போடுங்க" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

இங்கே மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையைச் சுற்றி உட்கார்ந்த மூன்று பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் மூன்று பேரும் கிண்டல் செய்வார்கள்.

அது ஒரு தட்டி. மேஜை மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு ஆடும் ஒரு கதை விளையாட்டுக்கானது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். கதவைத் திறப்பதா, பாலத்தைத் தாண்டுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். செய்தது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு டைஸ் உருண்டு சொல்லும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கேம் மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். அதை மற்றவர்கள் பார்த்துவிடாமல் மறைப்பதற்குத்தான் தட்டி. வெளிப்பக்கம் அழகுக்கு ஒரு படம், உள்பக்கம் விதிகளும் அட்டவணைகளும் ரகசியங்களும்.

இதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் நாத்தனார். தினமும் காலை ரயிலில் பெங்களூர் போய் வருகிறவள். ஆபீசில் யாரோ ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விதிப் புத்தகத்தை விரித்தாள். "அண்ணி, நீங்கதான் நடத்தணும். உங்க வாய்க்கு இதுதான் கரெக்ட்" என்றாள். என் வாயைப் பற்றி எங்கள் லைனில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. அதை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். அதற்காகவே அவளுக்கு நான் ஆயுசுக்கும் பிரியாணி போடலாம்.

என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். சேர்ந்த அன்றே சண்டை. பாத்திரங்கள் நன்றாக ஆடினால் 'லெவல் ஏறும்' என்று புத்தகத்தில் இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "லெவல்னா எறங்குறதுதான? எங்க தாத்தா இன்னா லெவலுக்கு மேலயா ஏறிப் போனாரு?" என்றார். அவர் தாத்தா வேலை பார்த்த சுரங்கத்தில் லெவல் எண் கூடக் கூட ஆழம் கூடும். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதனால் என் தட்டியில் லெவல் அட்டவணையின் தலையில் ஒன்று என்று போட்டு, பெரிய எண்களைக் கீழே கீழே கொண்டுபோனேன். அடியில் இருப்பவன்தான் பெரிய ஆள். வெளியூர்க்காரன் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது என்பான். எங்களுக்கு அது சட்டென்று புரிந்தது.

ஆனால் அந்த முதல் தட்டி ஒரு கேவலம். நான் டிசைன் வேலை பார்க்கிறவள் என்பதால் கூசாமல் சொல்கிறேன். கடைக்கு வருகிற ஆட்கள் பிறந்த நாள் பேனரில் மாமன், மச்சான், மச்சானின் நண்பன் என்று முப்பது முகத்தை வைக்கச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்வேன். "ரோட்ல போறவன் பைக்க நிறுத்திட்டு இறங்கி வந்து படிப்பானா சார்?" என்று கேட்பேன். அதே நான், எனக்கென்று ஒன்று செய்யும்போது அத்தனையையும் அடைத்தேன். மேலேயிருந்து விழுந்தால் எவ்வளவு அடி, மழையில் எவ்வளவு தூரம் தெரியும், கழுதை எவ்வளவு சுமக்கும், எல்லாம். சன்போர்டு அட்டையில் பிரிண்ட் ஒட்டி, மூன்று மடிப்பாக நிறுத்திப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் எதுவும் கண்ணில் சிக்கவில்லை. இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் கழுதையின் சுமைக்கும் பாம்புக்கடிக்கும் நடுவில் விரலால் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தட்டி செய்தேன். பதற்றத்தில் தேடுகிற விஷயம் நடு மடிப்பில், கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். சாவகாசமாகப் பார்க்கிறது ஓரத்துக்குப் போகலாம். முதல் நாளே யோசித்து வைக்க வேண்டியதைத் தட்டியில் போடவே கூடாது. பளீர் வெள்ளையில் கண் கூசும், லேசான மஞ்சள் நல்லது. தலைப்பு முக்கியம் என்று எழுத்தைத் தடிமனாக்கினால், ண, ணை மாதிரி எழுத்துகளின் சுழி எல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். தடிமனைக் குறைத்து அளவைக் கூட்டுவதுதான் வழி. உயரமும் ஒரு கணக்குத்தான். அட்டையை நெட்டுக்குத்தாக வைத்தால் நிறைய எழுதலாம், ஆனால் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். படுக்கைவாட்டில் வைத்தால் எழுத இடம் குறைவு, ஆனால் எதிரே இருப்பவர் முகம் தெரியும். நான் படுக்கைவாட்டுக் கட்சி. முகத்தைப் பார்க்காமல் கதை சொல்ல எனக்கு வராது.

நான்காவது ஆள் பேத்தமங்களாவிலிருந்து வந்தார். தக்காளி போடுகிற விவசாயி. அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு பேனர் அடிக்கக் கடைக்கு வந்தவர், என் கம்ப்யூட்டரில் பாதி முடிந்து நின்ற தட்டியைப் பார்த்து, "இது ஏன் மூணு துண்டா கீது?" என்று கேட்டார். விளக்கினேன். பேனரை மறந்துவிட்டு அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு மொபெட்டில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார், கையில் ஒரு பை தக்காளியோடு. வீட்டில் பேசுவது தெலுங்கு, படித்தது கன்னடம், எங்களோடு தமிழ். இந்தப் பக்கத்தில் இது ஒரு விசேஷமே இல்லை. பேசுகிற மொழிகளை எல்லாம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று இங்கே யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. என் நாத்தனாரே கன்னட மீடியம்தான், தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தால் படம் பார்ப்பாள். என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் மீடியம். எங்கள் வீட்டில் தமிழில் படித்தவள் நான் ஒருத்திதான்.

பேத்தமங்களா அண்ணனுக்கு ஒரு முட்டி மடங்காது. எங்கள் முன்னறை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக இருக்கும். மேஜையைப் போட்டால் ஸ்டூலுக்கு இரண்டு பக்கம்தான் மிஞ்சும். காலை நீட்டி உட்காரச் சுவரோரக் கட்டிலை விட்டால் இடமில்லை. அந்தக் கட்டில் என் இடது கைப் பக்கம், கிட்டத்தட்ட எனக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே உட்கார்ந்தால் தட்டியின் உள்பக்கம் அப்படியே தெரியும். இடது மடிப்பை உள்ளே இழுத்தால் எனக்கு டைஸ் உருட்ட இடமில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் மேஜையை இப்படியும் அப்படியும் நகர்த்தினோம். அப்புறம்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

"அண்ணன் அங்கயே உக்காரட்டும். உள்ள எல்லாத்தையும் தமிழ்ல எழுதிட்றேன். அண்ணனுக்கு எழுத்து தெரியாதுல்ல" என்றேன். என் வீட்டுக்காரர் கை தட்டினார். நாத்தனார், "சூப்பர் அண்ணி, பாஸ்வேர்டு போட்ட மாதிரி" என்றாள். அண்ணன் சிரித்துக்கொண்டே கட்டிலில் காலை நீட்டினார். அன்றிலிருந்து என் தட்டி முழுக்கத் தமிழ். ரகசியம் இருக்கிற மடிப்பு இடது பக்கம், ஏனென்றால் இடமிருந்து வலமாகத்தான் படிக்கிறோம், கதை முதலில், கணக்கு அப்புறம் என்று எனக்கு ஒரு கொள்கை.

இரண்டு வருஷம் ஆடினோம். பூமிக்கு அடியில் இருக்கிற ஒரு நாட்டுக்கு இறங்கிப் போகிற கதை. அண்ணனின் பாத்திரம் ஒரு மாட்டு வண்டிக்காரன். அவனைப் போல ராசி கெட்டவனை நான் பார்த்ததில்லை. இரண்டு கதவு இருந்தால் விஷப்புகை இருக்கிற கதவைத்தான் திறப்பான். நான் பாடுபட்டு ஒரு பொய்ப் பாலம் வைத்தால் அவன் கால்தான் அதில் முதலில் படும். வண்டி போயிற்று, ஒரு மாடு போயிற்று, இரண்டு விரல் போயிற்று. "அண்ணா எங்க கால வெச்சாலும் பள்ளம்தான்" என்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். அண்ணனும் சிரிப்பார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நான் யோசித்து வைத்த எதுவும் வீணாகவில்லை.

கதை கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது என் முகம் போனது.

காலையில் வாய் கொப்பளித்தேன், தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் என்னோடு சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று நினைத்து என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா என்னைக் கையைத் தூக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது முகவாதம், நரம்பு வீங்கியிருக்கிறது, அநேகமாகச் சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். மாத்திரை, கண்ணுக்கு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட டேப். கன்னத்தை ஊதிப் பழகச் சொன்னார். அவர் அவசரமில்லாமல், என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார். அது எவ்வளவு பெரிய உதவி என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது, தெருவில் ஒருவரும் அப்படிப் பார்க்கவில்லை.

கடையில் சமாளித்தேன். கம்ப்யூட்டருக்கு என் வாய் தேவையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். ப வராது, ம வராது. உதடு சேர்ந்தால்தானே வரும். அரக்கன் மாதிரி உறுமி, ராணி மாதிரி அதட்டி, கிழவி மாதிரி புலம்பி ஆட்டத்தை நடத்தினவள் நான். இந்த வாயை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். "உனக்கு ஆட்டந்தான் முக்கியமா?" என்று நாத்தனாரிடம் ஒரு நாள் கத்தினேன். பாவம், அவள் சூப் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அண்ணன் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தார். உள்ளே வரமாட்டார். வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு, "ஆட்டத்துக்கு வரல தங்கச்சி, தக்காளி குடுக்க வந்தேன்" என்பார். வீட்டில் தக்காளி அழுகியது. சட்னி, தொக்கு, ரசம் என்று எல்லா வேளையும் தக்காளி. "அந்த ஆளக் கூப்ட்டு ஆட்டத்த நடத்து, இல்லன்னா நாமளே தக்காளியா மாறிடுவோம்" என்றார் என் வீட்டுக்காரர். அன்று சிரித்தேன், பாதி முகத்தால். ஒன்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. முகம் சரியாகட்டும் என்று காத்திருந்தால் நான் இனி அந்த மேஜைக்குத் திரும்பமாட்டேன். சரியாகாமலும் போகலாம். இந்த ஞாயிறு உட்கார வேண்டும், இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

அதனால் ஒரு புதுத் தட்டி செய்தேன். படுக்கைவாட்டுக் கட்சிக்கு முழுக்குப் போட்டு, நெட்டுக்குத்தாக நான்கு மடிப்பு. நான் உட்கார்ந்தால் என் உச்சந்தலை மட்டும் வெளியே தெரியும் உயரம். மாஸ்க் போடலாம்தான், ஆனால் மாஸ்க் போட்டால் மூச்சு மேலேறி மூடாத கண்ணில் பட்டு எரியும். கண் கலங்கியே இருப்பதால் எழுத்தையெல்லாம் பெரிதாக்கினேன். பேனருக்குப் போடுகிற மாதிரி, வரிக்கு நான்கைந்து சொல். அட்டவணை பாதியைத் தூக்கி எறிந்தேன். நான் செய்ததிலேயே படிக்கச் சுலபமான தட்டி அதுதான். வெளியே இருந்து பார்த்தால் பொதுக்கழிப்பறைத் தடுப்பு மாதிரி இருந்தது.

ஞாயிறு மதியம் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் கட்டிலில் காலை நீட்டி, எதிர்ச்சுவரில் இருந்த புத்தர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமல் இருக்க அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது. டாக்டர் கொடுத்த மருந்தைக் கண்ணில் போட்டுக்கொண்டு தொடங்கினேன்.

தொடங்கியதும்தான் என் கொள்கை என் காலை வாரியது. கதை முதலில் என்று ரகசியங்களை வழக்கம்போல இடது மடிப்பில் வைத்திருந்தேன். என் இடது கண்ணில் பிசுபிசுவென்று மருந்து. நல்ல கண்ணால் அந்த மடிப்பைப் படிக்க வேண்டுமென்றால் முகத்தை முழுசாக இடது பக்கம் திருப்ப வேண்டும். இடது பக்கம் கட்டில், கட்டிலில் அண்ணன். ஊரில் உள்ளவன் பேனருக்கெல்லாம் எது எங்கே இருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறவள், என் முகத்தில் எந்தக் கண் வேலை செய்கிறது என்று யோசிக்காமல் தட்டி போட்டிருக்கிறேன்.

முகத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. ஓரக்கண்ணாலேயே படிக்கப் பார்த்தேன். எழுத்து கரைந்து ஓடியது. அவர்கள் மூவரும் வந்து சேர்ந்திருக்கும் இடத்தின் பெயர் பெரும்பள்ளம். இரண்டு வருஷம் முன்பு ஆசை ஆசையாக நான் வைத்த பெயர். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"இன்னா அண்ணி? கேக்கல" என்றாள் நாத்தனார், தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இன்னொரு முறை சொன்னேன். அதைவிட மோசமாக வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்து வரை போனது. மருந்துத் தண்ணீரா, அழுகையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போய்விடலாம் என்று ஸ்டூலைப் பின்னால் தள்ளினேன்.

அப்போது என் இடது பக்கத்திலிருந்து ஒரு குரல், அவசரமில்லாமல், தடுக்காமல் வந்தது. "பெரும்பள்ளத்தின் வாய் முழுக்கப் பாசி. ஆட்களை இறக்கும் பழைய கேஜ் கூண்டு ஒன்று பாதி ஆழத்தில் சங்கிலியில் தொங்குகிறது. கீழே வெளிச்சம் தெரிகிறது."

நான் எழுதிய வரிகள். ஒரு எழுத்து பிசகாமல்.

முகம் கிகம் எல்லாம் மறந்து அவர் பக்கம் திரும்பிவிட்டேன். "அண்ணா, நீங்க தமிழ் படிப்பீங்களா?"

"ஸ்வல்ப" என்றார். கன்னடத்தில் கொஞ்சம் என்று அர்த்தம். இவ்வளவு சரளமாகப் படித்தது கொஞ்சமாம். "எங்கப்பா ஸ்கெலட்டன் ஏரியாவுல லைன் வீடுங்களுக்கு பால் ஊத்திக்கினு இருந்தாரு. நான் நாலாவது வரிக்கும் அங்க தமிழ் ஸ்கூலு. அப்புறந்தான் கன்னட ஸ்கூலு."

"அப்போ ரெண்டு வருஷமா…" என் வாயிலிருந்து எச்சில் தெறித்தது. அதைப் பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை, அவ்வளவு கோபம். "ரெண்டு வருஷமா எல்லாத்தையும் படிச்சிக்கினா இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "சொல்லியிருந்தா கட்டில் போயிருக்கும், தங்கச்சி. கீழயும் உக்கார முடியாது, ஸ்டூல்லயும் முடியாது. அப்புறம் எங்க ஆட்டம்? பாக்கக் கூடாதுன்னுதான் பாப்பேன். நீங்க எழுதுறது அவ்ளோ நல்லா கண்ணுல படுது, நான் இன்னா பண்ணட்டும்?"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "அண்ணா. அந்த விஷப்புகைக் கதவு?"

"படிச்சேன்."

"பொய்ப் பாலம்?"

"அதுவும் படிச்சேன். கண்ணுல பட்டுடுச்சி. பட்டதுக்கு ஃபைன் கட்டணும்ல? தெரிஞ்சிக்கினு தப்பிச்சா அது ஆட்டமா? அதான் எங்க பள்ளம்னு எழுதியிருக்குதோ அங்க போயிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாடு போனதுதான் கஷ்டமா இருந்துச்சி" என்றார்.

எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் கண் விழித்து யோசித்து வைத்த ஒவ்வொரு பள்ளத்திலும், அது பள்ளம் என்று தெரிந்தே, ஒரு மனிதர் இரண்டு வருஷமாக விழுந்து கொடுத்திருக்கிறார். விழுந்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறார். என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் நடத்தியதில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "டீ ஆறுது, குடிங்க" என்றுதான் வந்தது.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணா, நீங்களே படிங்க. அண்ணி டைஸ் உருட்டட்டும்" என்றாள். அப்படித்தான் போனது அந்த மதியம். எனக்கு வராத இடத்தை அவர் படித்தார். வந்த இடத்தை நான் சொன்னேன். தட்டி இன்னும் உயரமாகத்தான் நின்றது, ஆனால் அதற்குள் இப்போது நாங்கள் இரண்டு பேர்.

பெரும்பள்ளத்தில் இறங்கும் கட்டம் வந்தது. அந்த மடிப்பின் கடைசி வரி அதுதான், நான் மற்றதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். முதலில் கேஜில் இறங்குபவருக்கு டைஸ் பதினைந்துக்குக் குறைந்தால் சங்கிலி அறும், ஆள் பிழைப்பதில்லை. அண்ணன் அதற்கு முந்தைய வரி வரை சத்தமாகப் படித்தார். பிறகு நிறுத்தினார். அவர் கண் அந்த வரியில் போய் வந்தது. மாட்டை இழந்த, விரலை இழந்த அந்த வண்டிக்காரனோடு இரண்டு வருஷம் வாழ்ந்தவர் அவர். அவன் செத்தால் செத்ததுதான், இந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது.

"யாரு மொதல்ல எறங்குறது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"நான் எறங்குறேன்" என்றார் அண்ணன்.

நான் டைஸை எடுத்தேன். டைஸ் விஷயத்தில் நான் கறார். விழுந்தது விழுந்ததுதான். என் வீட்டுக்காரர் எத்தனை கெஞ்சினாலும் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. உருட்டினேன். தட்டியின் அடியில் உருண்டு போய், அண்ணன் பக்கத்து மூலையில் நின்றது. நான்கு.

நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"இன்னா விழுந்துச்சி? சொல்லுங்க!" என்று அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் கத்தினார்கள். அண்ணன் அதுவரை எனக்கு வாயாக இருந்தவர். இப்போது வாயைத் திறக்கவில்லை. தன் முட்டியையே பார்த்துக்கொண்டு, நான் சொல்லப் போவதற்குக் காத்திருந்தார்.

டைஸை உள்ளங்கையால் மூடினேன். இன்னொரு கையால் தட்டியை மடக்கி மேஜை மேல் கவிழ்த்தேன். மூன்று முகமும் என் முகத்துக்கு நேராக வந்தது. ஒரு பக்கம் தொங்கிய வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"பொழச்சிக்கினாரு. சங்கிலி தாங்கிச்சி."

ப பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனால் கேட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, முட்டியில் படாமல் பார்த்து அண்ணனைக் கட்டிப்பிடித்தார். நாத்தனார் மேஜையைத் தட்டிக் கூச்சலிட்டதில் அடுத்த லைனிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். என் வாயை ஒருவரும் பார்க்கவில்லை.

அண்ணன் மட்டும் பார்த்தார், மூடியிருந்த என் கையை. பிறகு நேராக என் முகத்தை. பள்ளத்தில் விழுந்தே பழகிய மனிதர், விழாமல் நிற்பது எப்படி என்று தெரியாமல் முழித்தார்.

"அப்போ இப்ப நான் இன்னா பண்றது, தங்கச்சி?" என்றார்.

"கீழ வந்து சேந்துட்டீங்க அண்ணா" என்றேன். "சுத்திப் பாருங்க. இன்னா தெரியுதுன்னு நான் சொல்றேன்."